ஏழாம் நாள் என்று எழுதினேன்

மார்ச் 4

அக்கா,

வந்து சேர்ந்தோம். சாமான்களில் முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும் உடைந்தது. நல்லதுதான், இப்போதைக்கு எங்கள் மூஞ்சியை நாங்களே பார்க்க வேண்டாம்.

அவரை மாற்றிப் போட்டிருக்கிற பண்ணை பெரியது. நாற்பதாயிரம் கோழியாம். குவார்ட்டர்ஸ் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் கோழி எரு வாடை, மூடினால் புழுக்கம். இரண்டில் எது தேவலை என்று பாப்பாவும் நானும் தினமும் சண்டை போடுகிறோம். போன் மெயின் கேட் அருகில் மட்டும்தான் எடுக்கிறது. அங்கே காவலாளி, லாரிக்காரர்கள், முட்டை அடுக்கும் பெண்கள் எல்லாரும் நிற்பார்கள். நான் பேசி முடிப்பதற்குள் நம் வீட்டுக் கதை கடைசி ஷெட்டுக்குப் போய்விடும். அதனால் கடிதம். நீயும் கிளம்பி வந்துவிடாதே. வேறு இடத்தில் கோழியைத் தொட்டவர்களை உள்ளே விடுவதில்லை, நோய் தொற்றிவிடும் என்று.

அவருக்கு முட்டைக் கிடங்கில் வேலை. பெல்ட்டில் வருகிற முட்டையில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். பதினோரு வருஷம் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்து இன்குபேட்டர்களைக் கட்டி மேய்த்த மனுஷர்.

முட்டைகள் பொரியாததற்கு நடந்த விசாரணை இருபதே நிமிஷம் என்றார். நீயும் அந்த அறையில்தான் இருந்தாயாம். "அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "தலையைக் குனிஞ்சே உக்காந்திருந்தாங்க. என்னைவிட அவங்களுக்குத்தான் அவமானம், பாவம்" என்றார். உன்னைப் பாவம் என்கிறார், பார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரை எனக்குப் பார்த்துச் சொன்னதே நீதான். "மெஷினையே இப்படிப் பாத்துக்கிற ஆளு உன்னையும் பாத்துக்குவான்டி" என்று சொன்னவள் நீ. அதை அந்த அறையில் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

பாப்பாவுக்குப் புதுப் பள்ளியில் வீட்டுப்பாடம்: உறவினர் ஒருவரின் வேலையைப் பற்றி எழுத வேண்டும். பெரியம்மாவைப் பற்றி எழுதுவேன் என்கிறாள். அவளுக்காகவாவது பதில் போடு.

சிட்டு

மார்ச் 15

சிட்டுக்கு,

உன் கடிதம் வந்தது. பாப்பாவின் வீட்டுப்பாடத்தை முதலில் முடித்துவிடுகிறேன்.

பெரியம்மா முட்டைக்கு ஊசி போடுகிறவள் என்று எழுதச் சொல். முட்டையை இரண்டரை நாள் அடைவைத்தால் உள்ளே ஒரு கமா அளவுக்குக் கரு வந்திருக்கும். இதயம் சிவப்புப் புள்ளியாகத் துடிக்கும். அந்தச் சமயத்தில் அதன் ரத்தத்தில் சில அணுக்கள் சுற்றிக்கொண்டிருக்கும். பின்னால் அந்தக் கோழியின் குஞ்சுகளை உண்டாக்கப் போகிறவை அவைதான். விதை அணுக்கள் என்போம். ஒரு கறுப்பு இனத்துக் கருவிலிருந்து அவற்றை எடுத்து வளர்த்து, அவற்றுக்குள் வெளியிலிருந்து ஒரு மரபணுவைச் சேர்க்கிறோம். சில குழந்தைகளின் ரத்தத்தில் பிறவியிலேயே இல்லாமல் போகிற ஒரு புரதத்துக்கான மரபணு அது. பிறகு வெள்ளை இனத்து முட்டையில் நகம் அளவுக்கு ஜன்னல் வெட்டி, மயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த அணுக்களை அந்தக் கருவின் ரத்தக்குழாயில் விடுவேன். ஜன்னலை ஒட்டி மூடி இன்குபேட்டருக்கு அனுப்பிவிடுவேன்.

பொரிந்து வருகிற சேவல் பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். அதைக் கறுப்புப் பெட்டைகளோடு விட்டால் பெரும்பாலும் வெள்ளைக் குஞ்சுகள் பிறக்கும். எப்போதாவது ஒரு கறுப்புக் குஞ்சு பிறந்தால், அது நாங்கள் விட்ட அணுவிலிருந்து வந்தது என்று அர்த்தம். அந்த வழியில் பெட்டைகள் வந்தால் அவற்றின் முட்டை வெள்ளைக்கருவிலேயே மருந்து இருக்கும். இதுவரை ஒரு கறுப்புக் குஞ்சும் பிறக்கவில்லை. ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் பாதியைக் குறைத்துக்கொள்ளச் சொல், டீச்சர் பயந்துவிடுவார்.

அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும்தான். ஆராய்ச்சிக்கூடத்தை நடத்துகிற டாக்டர் அம்மா ஏற்கெனவே முடிவோடு வந்திருந்தார். நூற்றுக்கு நாற்பது பொரிந்த இடத்தில் நான்குதான் பொரிந்தது, பதிவேட்டில் எல்லாமே ஏழாம் நாள் எட்டாம் நாள் செத்ததாக இருந்தது. அப்படிச் செத்தால் சூட்டில் கோளாறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் என்ன சொல்ல முடியும்?

மாப்பிள்ளையை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

பாப்பாவுக்கு முழு மதிப்பெண். "உங்க பெரியம்மா கை அவ்வளவு நிதானமா?" என்று டீச்சர் கேட்டாராம். அவள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தாள்.

அது சரி, நீ எப்போதிலிருந்து கடிதத்தை டைப் அடித்து அனுப்ப ஆரம்பித்தாய்? ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. அவர் தன்னையே நம்பாமல் போய்விட்டார். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறார். பாதித் தெருவில் நின்று, "அடுப்பை நான் அணைச்சேனா?" என்று கேட்கிறார். கிடங்கில் நல்ல முட்டையையும் விரிசல் என்று ஒதுக்கிவிடுகிறாராம், விட்டுவிடுவோமோ என்ற பயத்தில். சூப்பர்வைசர் கேலி செய்கிறான்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மாற்றல் உத்தரவு வந்த அன்று நான் அவரைக் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "டியூட்டியில தூங்கிட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க." அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "தூங்கலைன்னுதான் நினைக்கிறேன்" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. "நினைக்கிறேனாவது!" என்று கத்திவிட்டேன். பாப்பா கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டியவளே சந்தேகப்பட்டால் ஊரைச் சொல்லி என்ன?

இப்போது டாக்டர் அம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் இது. "அக்காகிட்ட அனுப்பு. வேலைச் சொல்லெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும், தப்பு இருந்தா திருத்திக் குடுப்பாங்க" என்றார். இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துச் சீக்கிரம் அனுப்பு.

சிட்டு

ஏப்ரல் 9

சிட்டுக்கு,

கடிதம் பார்த்தேன். இரண்டு எழுத்துப் பிழை, 'வெப்பநிலை' ஓரிடத்தில் தவறாக இருந்தது. திருத்திவிட்டேன். இரண்டாம் பத்தி நீளம், சுருக்கியிருக்கிறேன். நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்.

அக்கா

ஏப்ரல் 27

சிட்டு,

இதைக் கையால் எழுதுகிறேன். எழுத்து எப்படி இருக்கிறது என்று பார். ஏன் டைப் அடித்தேன் என்ற உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

டிசம்பரில் ஆரம்பித்தது. மைக்ரோஸ்கோப்பில் ஊசி முனை ஆடியது. மேஜை ஆடுகிறது என்று நினைத்து மேஜைக்கால் அடியில் அட்டை வைத்தேன். டீ குடிப்பதை விட்டேன். துண்டைச் சுருட்டி மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்தேன். நரம்பு மருத்துவர் என் கையை நீட்டச் சொல்லி ஒரு நிமிஷம் பார்த்தார். "வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?" என்றார். அப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பாரே, அதற்குப் பெயர் இருக்கிறதாம். உயிருக்கு ஒன்றும் இல்லை, சரியாகவும் ஆகாது என்றார்.

என் ஊசி ரத்தக்குழாயைக் கிழித்தது. அணுக்களோடு கலந்து விடுகிற சாயம் குழாய்க்குள் ஓடாமல் வெளியே பரவும், கண்ணால் பார்ப்பேன். அந்தப் புள்ளி துடிப்பதை நிறுத்துவதையும் பார்ப்பேன். அப்படியும் ஜன்னலை ஒட்டி மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கித் தட்டில் வைப்பார், "இன்னைக்கு எத்தனைக்கா?" என்பார். செத்துப்போன முட்டைகளைப் பதினெட்டு நாள் அவர் சூடு பார்த்துக் காத்திருக்கிறார், சிட்டு.

பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்த்து, எந்த நாள் செத்தது என்று பதிவேட்டில் எழுதுவதும் என் வேலை. எல்லாம் மூன்றாம் நாள் கருக்கள். கமா மாதிரி. மூன்று என்று எழுதினால் ஊசிதான் காரணம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் ஏழு என்று எழுதினேன். முதல் தரம் எழுதிவிட்டு, அடுத்த தட்டில் கை சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த தட்டில் எட்டு என்று எழுதினேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு முட்டை.

மாப்பிள்ளை பெயரை நான் சொல்லவில்லை. நான் எழுதிய எண் சொன்னது. அந்த அறையில் டாக்டர் அம்மா பதிவேட்டைப் புரட்டி, "ஏழாம் நாள்னா சூடுதானே?" என்று என்னைத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். குனிந்திருந்ததாக மாப்பிள்ளை சொன்னார் அல்லவா, குனிந்து ஆட்டினேன்.

ஏன் என்று கேட்பாய். எனக்கு வேறு என்ன இருக்கிறது? கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. வெளியிலிருந்து வருகிற விஞ்ஞானிகள் டாக்டர் அம்மாவைவிட என் கையைத்தான் பார்க்க வருவார்கள். அது போய்விட்டால் நான் யார் என்று தெரியவில்லை. இது காரணம்தான், நியாயம் இல்லை. தெரியும்.

அவருடைய மன்னிப்புக் கடிதத்தைத் திருத்தினேனே, அதைச் சொல்ல வேண்டும். 'என் கவனக்குறைவால் இறந்த முட்டைகள்' என்று எழுதியிருந்தார். அதன் மேல் பேனாவை வைத்தேன். அதைத் தாண்டி 'வெப்பநிலை'க்குப் போனேன். உறையில் போட்டு ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு டீ குடித்தேன். டீ நன்றாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். நடந்து வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் சாவியைத் துளையில் நுழைக்க முடியவில்லை.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

அக்கா

மே 6

படித்தேன். நான்கு தரம் படித்தேன்.

அந்த மன்னிப்புக் கடிதம் பத்து நாள் முன்பே போய்விட்டது. டாக்டர் அம்மாவிடமிருந்து பதில்கூட வந்தாயிற்று. 'தங்கள் வருத்தம் பதிவு செய்யப்பட்டது.' அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

நான் அவரைத் தூங்கினீர்களா என்று கேட்டேன். உன் எண்ணை நம்பிக் கேட்டேன்.

அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. என் வாயால் எப்படிச் சொல்வது? முதலில் நீ அங்கே சொல். உன் டாக்டர் அம்மாவிடம் போய்ச் சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

மே 24

சிட்டு,

எழுதாதே என்றாய். சொல்லிவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

உடனே சொல்லவில்லை. உண்மையை உண்மையாகவே எழுதுகிறேன். போன வருஷம், கை நன்றாக இருந்தபோது ஊசி போட்ட ஒரு சேவல் இருக்கிறது. அதன் குஞ்சுகள் இருபதாம் தேதி பொரிய இருந்தன. இப்போது வாயைத் திறந்தால் அதையும் யாரும் நம்பமாட்டார்கள், பொரியட்டும் என்று காத்திருந்தேன். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு பதினோரு நாள் காத்திருந்தேன்.

அறுபத்து இரண்டு குஞ்சு. அறுபத்தொன்று வெள்ளை. ஒன்று கறுப்பு.

எல்லாரும் ஓடி வந்தார்கள். டாக்டர் அம்மா அழுதார், ஆறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க கைக்கா, உங்க கை!" என்றார். என்னைவிடப் பெரிய பதவி, அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. எனக்குத் தரை பிளந்து உள்ளே போகமாட்டோமா என்றிருந்தது.

மறுநாள் அவர் அறைக்குப் போய் எல்லாம் சொன்னேன். கையை நீட்டிக் காட்டினேன். அவர் எழுந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை இப்ப வெளியே சொல்ல வேண்டாம். பதிவேடு பொய்னா கறுப்புக் குஞ்சும் பொய்னுதான் சொல்வாங்க. அறிக்கை போகட்டும், ரெண்டு மாசம். அப்புறம் அவரைச் சத்தமில்லாம திரும்பக் கூப்பிட்டுக்கலாம். உங்களையும் வேற வேலைக்கு மாத்திக்கலாம், உடம்பு சரியில்லைன்னு."

"அவர் தப்புன்னு இருக்கிறதை?"

"அது பழைய பேப்பர்க்கா. யாரு பாக்கப் போறா?"

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மாடிப்படி இறங்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை உன்னிடம் மறைக்கவில்லை. மாப்பிள்ளையும் வந்துவிடுவார், நானும் கெட்ட பெயர் எடுக்கமாட்டேன் என்று நினைத்தேன். நீ என்ன சொல்கிறாய்?

அக்கா

ஜூன் 3

அக்கா,

நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கிறாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் இரண்டு கடிதத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு, துணி காயப்போடுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன். எனக்கும் தைரியம் அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோபம் இல்லை. "அந்த மன்னிப்புக் கடிதத்தைத் திருத்திக் குடுத்தாங்களே" என்றார். மறுபடி, "சுருக்கிக்கூடக் குடுத்தாங்களே" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "நான் தூங்கினதா எனக்கே ஞாபகம் வர ஆரம்பிச்சிருச்சு, தெரியுமா? நாற்காலி, தலை சாயறது, எல்லாம். நடக்கவே இல்லாதது" என்றார். சொல்லிவிட்டு அழுதார். பாப்பா வந்து அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். நான் அவர் காலடியில் உட்கார்ந்து, கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன பண்ணுவே, எல்லாம் எழுத்துல இருந்துச்சே" என்றார்.

சத்தமில்லாமல் கூப்பிட்டால் போகமாட்டாராம். "சத்தமாத்தானே அனுப்பினாங்க" என்கிறார்.

மாடிப்படியில் உனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். நீ கடைசிவரை மறைத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அதை எதற்கு என்னிடம் சொன்னாய் என்று இரண்டு நாள் திட்டினேன். பிறகு தோன்றியது, நான் ஏதாவது செய்வேன் என்றுதான் சொல்லியிருக்கிறாய். செய்ய வேண்டியவள் நீ.

சிட்டு

ஜூன் 20

சிட்டு,

புதன்கிழமை வாராந்திரக் கூட்டத்தில் சொன்னேன். பதினான்கு பேர் இருந்தார்கள். டாக்டர் அம்மா கறுப்புக் குஞ்சைப் பற்றிப் பேசி முடித்து, "வேற ஏதாவது?" என்றார். எழுந்தேன். எழுதி வைத்திருந்த தாள் கையில் படபடவென்று ஆடியது. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். பாதி சொல்வதற்கு முன்பே அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தேதி தேதியாகப் படித்தேன். எத்தனை முட்டை, நான் எழுதியது என்ன, உண்மை என்ன. முடித்துவிட்டுத் தாளை மடித்தேன். தீவனக் கிடங்கைப் பார்க்கிறவர், மாப்பிள்ளையோடு ஒன்றாகச் சாப்பிடுவாரே, விசாரணைக்கு அப்புறம் வேறு மேஜைக்குப் போய்விட்டாரே, அவர்தான் கேட்டார்.

"அப்ப அவரு ஒண்ணும் பண்ணலையா?"

"இல்லை."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே பண்ணலை."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

டாக்டர் அம்மா அறைக்குக் கூப்பிட்டு, "நான் உங்களைக் காப்பாத்தியிருப்பேன்" என்றார். "தெரியும்மா" என்றேன். அறிக்கையை நிறுத்தி வைத்தாயிற்று. ஆறு வருஷப் பதிவேடுகளையும் வெளியாட்கள் வந்து சரிபார்க்கிறார்கள். கறுப்புக் குஞ்சின் ரத்தம் வேறொரு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருக்கிறது. கறுப்பாக இருப்பது மட்டும் போதாது, உள்ளே அந்த மரபணு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைக்ரோஸ்கோப் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை, ஓய்வுக்கு மூன்று வருஷம்தான் இருக்கிறது என்று. இரக்கம்தான். அதுவும் சேர்ந்து உறுத்துகிறது.

மாப்பிள்ளைக்கு உத்தரவு வரும். அவர்மேல் தவறில்லை என்று எழுதி, பலகையிலும் ஒட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

அக்கா

ஜூலை 8

அக்கா,

உத்தரவு வந்தது. 'எந்தத் தவறும் இல்லை' என்ற வரியைப் பாப்பா சத்தமாகப் படித்தாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். சட்டைப் பையில் இருந்த பழைய காகிதத்தைக் கிழிப்பார் என்று பார்த்தேன், கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து மடித்து வைத்துக்கொண்டார்.

அவர் மட்டும் இப்போது வருகிறார். நாங்கள் பாப்பாவின் பரீட்சை முடிந்து வருவோம். உன்னை எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். உத்தரவிலேயே இருக்கிறது.

உன்னிடம் அவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. நானும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே உன்னைப் பார்த்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இப்போதைக்குக் கடிதம் போதும்.

சிட்டு

ஜூலை 19

சிட்டு,

மாப்பிள்ளை திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். இளைத்திருக்கிறார். தீவனக் கிடங்குக்காரர் வாசலிலேயே நின்று அவர் பையை வாங்கிக்கொண்டார்.

கறுப்புக் குஞ்சின் ரத்தத்தில் மரபணு இருக்கிறதாம். அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். நின்று படிக்கக் கூச்சமாக இருந்தது, நடந்துகொண்டே படித்தேன்.

உனக்குத் தெரிந்ததுதான், என்னை இன்குபேட்டர் அறையில் போட்டிருக்கிறார்கள். அவருக்குக் கீழே உதவியாள். உள்ளே போனதும் கையைக் கூப்பிக் கும்பிட்டேன். "வாங்கக்கா" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மணிக்கு ஒரு தரம் நான் சூடு பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் பதிவேட்டில் எழுதுவார். அந்தப் பதிவேட்டில் இனிமேல் நான் எழுதக் கூடாது என்பது உத்தரவு. முதல் மணி அடித்ததும் கண்ணாடி வழியே பார்த்து, "முப்பத்தேழு புள்ளி ஏழு" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. கொஞ்ச நேரம் வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்தார். நான் விலகி நின்றேன். என் தோளுக்கு மேலாகக் குனிந்து, தானும் ஒரு தரம் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்று மெல்லச் சொன்னார், என்னிடம் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. போய் உட்கார்ந்து எழுதினார்.

அன்றைக்கு எட்டு மணிநேரம். எட்டுத் தரமும் எழுந்து வந்தார். எட்டுத் தரமும் நான் விலகி நின்றேன்.

அக்கா